மடக்குக்கத்தி சேகரிப்பில் புதியவர்களுக்கு: எது வடிவமைப்பு, எது பழுது

மடக்குக்கத்திகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுமாறுவது விலையிலோ கம்பெனிப் பெயரிலோ அல்ல. கையில் எடுத்த கத்தியில் ஏதோ ஒன்று கோணலாகத் தெரிகிறது: மூன்று அலகுகளில் ஒன்று சற்றே வளைந்திருக்கிறது, திறக்கும்போது அலகு பாதி வழியில் நின்றுவிடுகிறது, பூட்டுப் பட்டையின் மேல் யாரோ அரத்தால் தேய்த்துவிட்டதுபோல ஒரு பள்ளம் இருக்கிறது, நூறாண்டுப் பெயர் பெற்ற கத்தியில் பூட்டே இல்லை. இவற்றுள் எது வேண்டுமென்றே செய்யப்பட்டது, எது தேய்மானத்தால் வந்தது, எது பட்டறையிலேயே நேர்ந்த குறை என்று பிரித்தறியத் தெரியாதவர் நல்ல கத்தியைக் குறையுள்ளது என்று ஒதுக்குவார்; சாணையில் தேய்ந்து பாதியாகிப்போன கத்தியைப் பழமையின் அழகு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பார்.

அந்தப் பிரித்தறிதலைப் பழகுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கத்தியின் இயக்கம், பிறகு அலகுகள், பிறகு பூட்டு, அதன் பிறகே முத்திரையும் வயதும். புதியவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முத்திரையைப் படித்ததும் மனம் மயங்கிவிடுவதால் மற்றவை கண்ணில் படுவதில்லை.

தொடங்குமுன் உறுப்புகளின் பெயர்களை உறுதிசெய்துகொள்வோம். வெட்டும் தகடு அலகு, அதன் கூரான விளிம்பு வாய், எதிர்ப்பக்கம் முதுகு. அலகு பிடிக்குள் நுழைந்து சுழலாணியில் கோக்கப்படும் பகுதியை அலகின் அடி என்பேன். பிடியின் முதுகுப் பக்கம் நீளவாக்கில் ஓடி, அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும் எஃகுப் பட்டை முதுகு வில். பிடியின் இருபுறமும் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் உட்தகடுகள். நகத்தை நுழைத்து அலகை இழுப்பதற்காக அலகின் மேல் வெட்டப்பட்ட பிறைபோன்ற கீறல் நகப்பள்ளம்.

முதற்படி: அலகு எதனால் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கத்தியை இரு கைகளாலும் முழுமையாகத் திறங்கள். வாயின் பாதையில் எந்த விரலும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மடங்கும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். அலகு சீரான இறுக்கத்துடன் நகர்ந்தால் அது உராய்வால் மட்டுமே நிற்கும் கத்தி. முதலில் எதிர்த்து, பிறகு சட்டென்று மடங்கினால் அது முதுகு வில் கத்தி. அசையவே இல்லையென்றால் அதில் பூட்டு இருக்கிறது. இந்த மூன்று வகைக்கும் குறை நிறைகளின் அளவுகோல் வேறு வேறு என்பதால், இதைத் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

உராய்வுக் கத்திக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானின் ஹிகோனோகாமி. ஹியோகோ மாநிலத்து மிகி நகரில் 1890களில் உருவான இந்தக் கத்தியின் பிடி, ஒரே தகட்டை மடித்துச் செய்தது. வில் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியிலிருந்து ஒரு சிறிய வால் பிடிக்கு வெளியே நீண்டிருக்கும். திறந்த நிலையில் அந்த வால் பிடியின் முதுகில் படிந்துகொள்ள, அதன்மேல் வைக்கும் பெருவிரல்தான் பூட்டு. பெருவிரலை எடுத்துவிட்டு அழுத்தினால் அலகு மடங்கத்தான் செய்யும். சுழலாணி தளர்ந்துவிட்டால் அதன் தலையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிச் சரிசெய்துகொள்ளக்கூடியது என்பதே இதன் வடிவமைப்பு. ஒருகாலத்தில் ஜப்பானியப் பள்ளிச் சிறுவர்கள் பென்சில் சீவிய கத்தி இது. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு செய்துவருவது நாகாவோ கானேகோமா பட்டறை ஒன்றுதான். ஆகவே பெயர் பொறிக்கப்படாத ஒத்த வடிவக் கத்திகளைப் போலி என்று தூக்கி எறிய வேண்டாம். அவற்றை ஹிகோனோகாமி விலைக்கு வாங்கவும் வேண்டாம்.

இரண்டாம் படி: மரமும் வளையமும் – ஓபினெலைக் கொண்டு பழகுங்கள்

முதல் கத்தியாக எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஓபினெல் எட்டாம் எண். விலை குறைவு என்பது ஒரு காரணம். ஐந்தே உறுப்புகளில் ஒரு மடக்குக்கத்தியின் எல்லாச் சிக்கல்களையும் இது காட்டிக்கொடுத்துவிடும் என்பது பெரிய காரணம்: மரப்பிடி, அலகு, சுழலாணி, நிலையான கழுத்துப் பட்டை, அதன்மேல் சுழலும் வளையம்.

பிரான்சின் சவோய் பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஓபினெல் 1890இல் இந்தக் கத்தியை உருவாக்கினார். 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட அளவுகள் வந்தன. இன்று வரிசையில் ஒன்றாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் இல்லை. இரண்டும் நெடுங்காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டவை. ஆகவே தொகுப்பை முழுமையாக்க வேண்டும் என்று அவற்றைக் கடைகளில் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சிறிய எண்களில் வளையம் கிடையாது. சுழலும் வளையம் ஆறாம் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. நான்காம் எண் கத்தியை வாங்கிவிட்டு வளையம் காணாமல் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

வளையத்தை மார்செல் ஓபினெல் 1955இல் சேர்த்தார். அப்போது அது திறந்த அலகை மட்டுமே பூட்டியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த வளையம் மடங்கிய நிலையிலும் பூட்டும். எனவே வளையமே இல்லாத ஒரு பழைய எட்டாம் எண் 1955க்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. இரு நிலையிலும் பூட்டுவது 2000க்குப் பிந்தையது. ஆனால் வளையத்தை இடுக்கி கொண்டு கழற்றி வேறொன்றை மாட்டிவிட முடியும் என்பதால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். வெறும் கழுத்துப் பட்டையில் வளையம் ஓடித் தேய்ந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

அலகில் பொறித்திருக்கும் முடிசூடிய கை 1909இல் பதிவு செய்யப்பட்ட முத்திரை. சேன் ழான் தெ மோரியேன் நகரின் சின்னத்திலிருந்து வந்தது; அந்நகரத் தேவாலயத்தில் போற்றப்படும் திருமுழுக்கு யோவானின் விரல்களை அது குறிக்கிறது. முடி, சவோய் கோமரபைக் குறிப்பது. கையைச் சுற்றியுள்ள எழுத்துகளின் அமைப்பு காலந்தோறும் மாறியிருப்பதால், தேர்ந்த சேகரிப்பாளர்கள் அலகைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

இனி, எல்லாப் புதியவர்களையும் எரிச்சலூட்டும் பண்பு: மழைக்காலத்தில் அலகு திறக்காது. பிடி பீச் மரம். அலகின் அடி, மரத்தில் அறுத்த ஒரு பிளவுக்குள்தான் சுழல்கிறது. ஈரத்தில் மரம் உப்பினால் பிளவு சுருங்கி அலகைக் கவ்விக்கொள்கிறது. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது ஆண்டில் பல மாதங்களுக்கு நடக்கும். நகம் உடையும் அளவுக்கு இழுக்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பு போன்ற கெட்டியான இடத்தில் ஒருமுறை தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்கள் கையாளும் முறையே அது. நிரந்தரமான தீர்வு வேண்டுமென்றால் பிடியை நன்றாக உலரவிட்டு, ஆளி விதை எண்ணெயைப் பிளவுக்குள் பல தடவை ஊற விடுங்கள். பிளவை அரத்தால் அகலப்படுத்தும் வேலையை மட்டும் கோடைக்காலம் பார்த்த பிறகே யோசியுங்கள்; கோடையில் அதே கத்தி கலகலத்து ஆடும். இந்தக் கத்தியைத் தண்ணீரில் ஊறப் போடுவது எப்போதும் தவறு.

மூன்றாம் படி: முதுகு வில்லைக் காதாலும் பாருங்கள்

பூட்டில்லாத வில் கத்திகள்தான் சேகரிப்பின் பெரும்பகுதி. இங்கே ஒவ்வொரு அலகையும் மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். நல்ல கத்தி திறந்து முடியும்போதும் மடங்கி முடியும்போதும் தெளிவான ஓர் ஒலி எழுப்பும். ஒலி மந்தமாக இருந்தால் வில் களைத்திருக்கலாம், அல்லது வெறுமனே உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கலாம். முதலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து முறை இயக்கிய பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாதி வழியில், அதாவது பிடிக்குச் செங்குத்தாக வரும்போது, சில கத்திகளில் அலகு ஒரு கணம் நின்றுகொள்ளும். அலகின் அடியைச் சதுரமாக வெட்டியிருப்பதால் வில் அங்கே தட்டையாக அமர்ந்துகொள்கிறது. மடக்கும்போது விரல்களை எடுத்துக்கொள்ள அவகாசம் தரும் ஏற்பாடு இது. அடியை வளைவாக வெட்டிய கத்திகளில் இந்த நிறுத்தம் இருக்காது. அலகு வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டும் சரியானவையே. எனக்குப் பிடித்தது நிறுத்தம் உள்ளது. வலுவான வில்லோடு நிறுத்தமும் சேர்ந்தால் நகம் போய்விடும் என்று எதிர்த்து வாதிடுபவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூடிய நிலை, பாதித் திறந்த நிலை, முழுமையாகத் திறந்த நிலை ஆகிய மூன்றிலும் பிடியின் முதுகை விரலால் தடவுங்கள். வில் உட்தகடுகளோடு சமமாக இருந்தால் அது உயர்ந்த வேலைப்பாடு. அன்றாட உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட கத்திகளில் பாதி நிலையில் வில் மேலெழுவது இயல்பு. அதைக் குறையென்று சொல்லி விலை பேசுவது பேதைமை. முழுமையாகத் திறந்த நிலையில் வில் உள்ளே அமுங்கியோ வெளியே துருத்தியோ இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, அலகு எதன்மேல் மோதி நிற்கிறது? பெரும்பாலான வில் கத்திகளில் வாய் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அலகின் அடியில் ஒரு சிறு மேடு இருக்கும். மூடும்போது அந்த மேடு வில்லின் மேல் அமர்வதால் வாய் வில்லைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பிரான்சின் லாயோல் கத்திகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே மற்ற கத்திகளைப்போல் சொடுக்கென்று மூடினால் கூரான வாய் நேராக வில்லில் போய் மோதி, நடுவில் ஒரு பல் விழும். லாயோலை விரலால் தாங்கி மெல்ல அமர்த்த வேண்டும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வில்லின் உட்பக்கத்தில் படியவைத்து, கத்தியை மெல்ல மூடித் திறந்து, காகிதத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறெந்த வில் கத்தியில் வெட்டு விழுந்தாலும் மேடு தேய்ந்துவிட்டது அல்லது அரத்தால் குறைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். லாயோல் என்பது அவெரோன் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயர். அந்த வடிவக் கத்திகளில் மிகப் பல தியேர் நகரிலும், மலிவானவை ஐரோப்பாவுக்கு வெளியிலும் செய்யப்பட்டவை; வில்லின் தலையிலுள்ள தேனீயும் பிடியில் ஆணிகளால் அமைத்த சிலுவையும் எந்தப் பட்டறைக்கும் தனியுரிமை அல்ல. தேனீயைப் பார்த்து விலை கொடுக்காமல், செய்தவரின் பெயரைப் பார்த்துக் கொடுங்கள்.

நான்காம் படி: அலகுகளின் கோணல்களைப் படியுங்கள்

அமெரிக்காவின் பல அலகுக் கத்திகள்தான் இங்கே சிறந்த பாடம். ஸ்டாக்மேன் எனப்படும் மூன்று அலகுக் கத்தியை மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். இரண்டு வில்களின் அகலத்துக்குள் மூன்று அலகுகள் ஒன்றை ஒன்று உரசாமல் படுத்திருக்க வேண்டும். அதற்காக ஓரிரு அலகுகளை அடிப்பகுதியிலேயே சற்று வளைத்திருப்பார்கள். சிலவற்றின் முதுகோரத்தை ஒருபக்கமாகச் சரித்து மெலிதாக்கியிருப்பார்கள். திறந்து பார்த்தால் அலகு பிடிக்கு நேராக இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு நிமிர்த்த முயன்றவர்கள் அலகை ஒடித்திருக்கிறார்கள். சாய்வு அடியிலிருந்தே சீராகத் தொடங்கினால் அது வடிவமைப்பு. அலகின் நடுவிலோ நுனியிலோ தொடங்கினால், யாரோ அதை நெம்புகோலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்டாக்மேனிலும், இரண்டு நீண்ட அலகுகள் கொண்ட டிராப்பரிலும் ஓர் அலகின் நுனி மழுங்கி வளைந்திருக்கும். நுனி உடைந்ததைத் தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்று புதியவர் நினைத்துக்கொள்வார். அது ஸ்பே அலகு: கால்நடைகளுக்கு விதையடிக்கும்போது கூர்நுனி தவறான இடத்தில் குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த வடிவம். வாய் நேர்கோடாகவும் முதுகு நுனியில் கீழே வளைந்தும் இருக்கும் இன்னொன்று ஷீப்ஃபூட். இவ்விரண்டின் மூல வடிவத்தையும் படங்களில் பார்த்துப் பழகிவிட்டால், உண்மையிலேயே நுனி உடைந்த அலகு தானாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே வில் இரண்டு அலகுகளைத் தாங்கும் கத்தியில், ஓர் அலகைப் பாதி திறந்து வைத்துவிட்டு மற்றதைத் திறந்தால் இறுக்கம் மாறும். அதனால் அலகுகளை ஒவ்வொன்றாகவே சோதிக்க வேண்டும். இந்தப் பகிர்வை உச்சத்துக்குக் கொண்டுபோனது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். ஷ்வைஸ் மாநிலத்து ஈபாக்கில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் (இன்று சுவிஸ் ராணுவக் கத்தி என்று அறியப்படுவது), கத்தி அலகுகளைத் தாங்கும் அதே வில்களின் மறுபுறத்தையே தக்கைத்திருகு முதலிய முதுகுப்பக்கக் கருவிகளுக்கும் வில்லாக்கினார். கூடுதல் தடிமன் இல்லாமல் கருவிகளின் எண்ணிக்கை கூடியது அந்த உத்தியால்தான். இந்தக் கத்தியில் புதியவர் கவனிக்காத சின்னச் சின்ன விஷயங்கள் பல: துளையிடும் ஊசியிலுள்ள கண் நூல் கோத்துத் தைப்பதற்கு, டப்பா திறப்பானின் ஒடுங்கிய நுனி நட்சத்திரத் திருகாணிகளுக்கும் பொருந்தும், பல மாதிரிகளில் தக்கைத்திருகின் நடுவே மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கான குட்டித் திருப்புளி ஒன்றைச் சுழற்றி வைக்கலாம். இன்னொரு சுவிஸ் நிறுவனமான வெங்கரின் பழைய கத்தி, விக்டோரினாக்ஸ் இரண்டையும் வேறுபடுத்த டப்பா திறப்பானைப் பாருங்கள். விக்டோரினாக்ஸின் திறப்பான் முன்னோக்கி வெட்டிக்கொண்டு போகும். வெங்கருடையது பின்னோக்கி வரும். வெங்கர் 2005இல் விக்டோரினாக்ஸின் கைக்குப் போய்விட்டதால் அந்தப் பெயரிலுள்ள பழைய கத்திகளுக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: பூட்டை வன்முறையில்லாமல் சோதியுங்கள்

பூட்டு வலுவானதா என்று பார்க்க அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடிக்கும் பழக்கம் காணொளிகளால் பரவிவிட்டது. அது பூட்டின் முகத்தைச் சிதைக்குமே தவிர எதையும் நிரூபிக்காது. கையால் படிப்படியாக அழுத்திப் பார்த்தாலே போதும்.

பிடியின் முதுகிலுள்ள பட்டையே திறந்த அலகைப் பூட்டும் முதுகுப் பூட்டைப் பரவலாக்கியது, அல் பக் 1964இல் கொண்டுவந்த பக் 110. பித்தளை முகப்புகளும் மரப்பிடியும் கொண்டு 200 கிராம் அளவுக்குக் கனக்கும் இது சட்டைப்பைக்கு ஏற்றதல்ல, இடுப்பு உறைக்கே ஏற்றது. முதுகுப் பூட்டுகளில் அலகு மேலும் கீழும் மயிரிழை அசைவது பெரும்பாலும் இயல்பு. பக்கவாட்டு ஆட்டம்தான் சுழலாணி தளர்ந்ததன் அறிகுறி. தொடக்கத்தில் குறிப்பிட்ட பள்ளம் இந்த வகைப் பூட்டில் வருவது: பூட்டை விடுவிக்க அழுத்தும் பட்டையின் மேல், டேவிட் பாய் என்ற கத்திக் கலைஞரின் பெயரால் அறியப்படும் ஒரு குழிவை வெட்டுகிறார்கள். கத்தியை இறுகப் பிடித்து வேலை செய்யும்போது உள்ளங்கைச் சதை பட்டையை அழுத்திப் பூட்டைத் தற்செயலாக விடுவித்துவிடாமல் இருப்பதற்காக.

உட்தகட்டுப் பூட்டின் இன்றைய வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் உருவாக்கினார். உட்தகட்டின் ஒரு பகுதி பக்கவாட்டில் வளைந்து அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். பார்க்க வேண்டியது ஒன்றே: தகட்டின் முனை அலகின் அடியில் எங்கே அமர்கிறது? அகலத்தின் கால்பங்குக்கும் பாதிக்கும் இடையில் என்றால் நன்று. எதிர்ப்பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் தேய்மானம் முற்றிவிட்டது. விளிம்பில் மட்டும் பட்டும் படாமலும் நின்றால் அதை நம்பி வேலை செய்யாதீர்கள். பிடியின் சட்டத்தையே பூட்டாக்கியவர் கிறிஸ் ரீவ். இவ்வகையில் டைட்டானியம் பூட்டு அலகின் எஃகோடு ஒட்டிக்கொண்டு விடமறுப்பது புதுக் கத்திகளில் சாதாரணம். பென்சில் கரியைப் பூட்டின் முகத்தில் தேய்த்தால் பெரும்பாலும் தீரும். இடதுகைக்காரர்களுக்கு ஒரு சொல்: இவ்விரு பூட்டுகளும், வழக்கமான நகப்பள்ளமும் வலதுகைக்கென்றே அமைந்தவை. பக் 110 போன்ற முதுகுப் பூட்டுகளும் குறுக்குத்தண்டுப் பூட்டுகளும் உங்களுக்கு உகந்தவை. அலகின் அடிமேல் குறுக்காக வந்து அமரும் தண்டால் பூட்டும் இந்த முறையை 1998இல் பெஞ்ச்மேட் 710 அறிமுகப்படுத்தியது. அந்தத் தண்டை இரண்டு மெல்லிய கம்பி வில்கள் தள்ளுகின்றன. ஒன்று முறிந்தாலும் மற்றது தாங்கும், ஆனால் தண்டு ஒருபக்கம் சோம்பலாக நகரும். பழைய கத்தி வாங்கும்போது இருபுறமும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள்.

அலகில் துளை போட்ட கத்திகள், பின்னங்கழுத்தில் கூன் விழுந்ததுபோல் தெரிகின்றன என்று பலர் முகம் சுளிப்பார்கள். சால் கிளெசரின் ஸ்பைடர்கோ 1981இல் கொண்டுவந்த வட்டத் துளை பெருவிரலால் ஒரே கையில் திறப்பதற்கானது. பெருவிரலுக்குப் போதிய அளவில் துளை இருக்க வேண்டுமென்றால் அலகு அந்த இடத்தில் அகன்றுதான் ஆக வேண்டும். எர்னஸ்ட் எமர்சன் கத்திகளின் முதுகில் உள்ள கொக்கி, பையிலிருந்து உருவும்போதே துணியில் மாட்டி அலகைத் திறந்துவிடும். அதைத் தெரியாமல் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: முத்திரையும் தேய்மானமும்

இப்போதுதான் முத்திரை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பிராட்போர்டில் செய்யப்படும் கேஸ் கத்திகள் இதற்கு நல்ல பயிற்சி. மாதிரி எண் 6254 என்றால், முதல் இலக்கம் பிடியின் பொருள் – 6 என்பது பெரும்பாலும் கீறல் வேலை செய்த எலும்பு. இரண்டாம் இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மீதியுள்ள 54 வடிவம். 6318இல் மூன்று அலகுகள் என்று இனி நீங்களே படித்துவிடுவீர்கள். ஆண்டைச் சொல்லப் புள்ளிகள் உண்டு. 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகள் இட்டார்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979இல் ஒன்றே மிஞ்சியது. 1980இல் CASE என்ற பெயரின் S எழுத்தை மின்னல்போல் மாற்றி எழுதி, மீண்டும் பத்திலிருந்து தொடங்கினார்கள். ஆகவே எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணினால் பத்தாண்டு பிசகிவிடும். பக் கத்திகளில் 1986 முதல் ஆண்டுக்கொரு குறி அலகின் அடியில் இருக்கிறது.

முத்திரை கத்திக்கு உரியதல்ல, அந்த அலகுக்கு மட்டுமே உரியது. பழைய கத்தியில் அலகு மாற்றப்பட்டிருக்கலாம். ஆணித் தலையைச் சுற்றிப் புதிய சுத்தியல் தடம் தெரிகிறதா, எல்லா அலகுகளின் நிறமும் கறையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சாணை பிடித்துத் தேய்ந்த அலகை அறிய நகப்பள்ளம் உதவும். புதிய கத்தியில் பள்ளத்துக்கும் வாய்க்கும் நல்ல இடைவெளி இருக்கும். அது குறுகிவிட்டால் அலகில் எவ்வளவு போயிருக்கிறது என்பது விளங்கும். மூடிய கத்தியில் நுனி பிடிக்கு மேலே எட்டிப்பார்த்தாலும் அதே செய்திதான். வாயைத் தீட்டத் தீட்ட நுனி முதுகை நோக்கி ஏறுவதால் பிடிக்குள் மறையாமல் போகிறது. விரலைக் கீறும் அந்த நுனியைத் தணிக்க, சில விற்பனையாளர்கள் அலகின் அடியிலுள்ள மேட்டை அரத்தால் குறைப்பார்கள். நுனி உள்ளே போய்விடும். ஆனால் வாய் வில்லில் மோதத் தொடங்கும். மூன்றாம் படியில் சொன்ன காகிதச் சோதனை இங்கேதான் காசைக் காப்பாற்றுகிறது.

ஏழாம் படி: வைத்துக்கொள்ளும் முறை

தோலுறைக்குள் கத்தியை நெடுநாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு, அதைப் பதப்படுத்திய பொருள்கள் பித்தளையில் பச்சைக் களிம்பையும் எஃகில் துருவையும் உண்டாக்கும். செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக்கால் ஆன பிடிகளில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் முத்துபோலவும் ஆமையோடுபோலவும் மின்னும் பிடிகளுக்கு இது மிகுதியாகப் பயன்பட்டது. வயதானால் சிதைந்து அமில ஆவியை விடும். அந்த ஆவி தன் கத்தியை மட்டுமல்ல, அதே பெட்டியில் அண்டையிலுள்ள கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். செல்லுலாய்டுப் பிடிகளைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காரணமில்லாமல் ஒரே அலகில், பிடிக்கு அருகிலேயே துரு தோன்றினால் முதல் சந்தேகம் பிடியின்மேல் இருக்கட்டும்.

கார்பன் எஃகு அலகில் பழமும் வெங்காயமும் வெட்டினால் வரும் நீலச்சாம்பல் படலம் நல்லது. அதைப் பளபளப்பாக்கித் துடைத்தெடுத்தால் கத்தியின் மதிப்புதான் குறையும். செந்நிறத் துருவை மட்டும் எண்ணெய் நனைத்த துணியால் நீக்குங்கள். சுழலாணிக்குத் தையல் இயந்திர எண்ணெய் போதும். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகி வில்லைக் கட்டிப்போட்டுவிடும்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. வடிவங்கள் பல சட்டத்தால் உருவானவை. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்குட்பட்ட, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் உடன் வைத்திருக்கலாம் என்பதால், நவீன வடிவில் பூட்டில்லாத கத்திகள் அந்தச் சந்தைக்கென்றே வருகின்றன. ஜெர்மனியில் ஒருகையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்வது 2008 முதல் தடைசெய்யப்பட்டது. உங்கள் நாட்டின் விதியை வாங்குமுன் படித்துவிடுங்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் வேண்டாம்.

இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: மூடிய நிலையில் மேலிருந்து ஒன்று, பாதித் திறந்த நிலையில் வில்லின் பக்கத்திலிருந்து ஒன்று, ஒவ்வோர் அலகின் அடி முத்திரையும் தனித்தனியே, பூட்டிருந்தால் அது அமரும் இடம் நெருக்கத்தில், இருபுறமும் ஆணித் தலைகள். அலகின் பக்கவாட்டு அழகை மட்டும் பல கோணங்களில் எடுத்து அனுப்பிவிட்டு, கேட்ட படங்களுக்கு மழுப்புகிறவரிடம் பேரத்தைத் தொடர வேண்டியதில்லை.